சின்னத் தனியார் கல்லூரிக்கு பேஸ்பால் வீரர் கிடைப்பது ஏன் கஷ்டம்?

அமெரிக்காவில் ‘ரெக்ரூட்டிங்’ என்றால், பள்ளி முடிக்கப்போகும் ஆட்டக்காரர்களைப் பயிற்சியாளரே தேடிப்போய்க் கல்லூரிக்கு அழைப்பது. சின்னத் தனியார் கல்லூரிகள் பலவும் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை தரவே கூடாது என்பது விதி. கட்டணமோ பெரும்பாலும் அரசுக் கல்லூரியைவிட அதிகம்.

சம்பளம் கூட்டித் தர முடியாத சின்ன ஓட்டல், நல்ல பரோட்டா மாஸ்டரைத் தேடுகிற கதைதான். “முதல் நாளே கல் உங்கள் கையில்” என்றுதான் இழுக்க வேண்டும். பயிற்சியாளரும் முதல் வருஷமே களமிறங்கலாம் என்கிறார். அப்புறம், மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தரும் உதவிக்குத் தடையில்லை.

மூன்றாம் பிரிவில் ஆடினால் மேலே போக முடியாது என்பார்கள். ஆனால் வர்ஜீனியாவின் ஃபெரம் கல்லூரிக்காக அதே பிரிவில் ஆடிய பில்லி வாக்னர், 2025-இல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்.