வாசகர் கேள்வி பதில்: அயர்லாந்துக் குடியுரிமையும் பிறந்த தேதியும்

கேள்வி: எங்க பொண்ணு ஆறு வருசமா டப்ளின்ல நர்சுங்க. குடியுரிமைக்கு மனுக் கொடுத்திருக்குது, இன்னும் வரலை. மாப்பிள்ளைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். இப்ப அஞ்சு மாசம். தலைப்பிரசவத்தை இங்கயே வெச்சுக்கோணும்னு எங்களுக்கு ஆசைங்க. குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வருமுங்களா?
— ஒரு தாயார், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆசை நியாயமானதுதாங்க அம்மா. ஆனால் உங்கள் மகள் இப்போது இருக்கும் நிலையில் பிரசவம் டப்ளினில் நடப்பதே குழந்தைக்கு நல்லது. முடிந்தால் நீங்கள் விசா எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுங்கள்.

2005 ஜனவரி 1 முதல் அயர்லாந்தில் பிறந்தால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால், அவர்களில் ஒருவர் குழந்தை பிறப்பதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 3 ஆண்டு சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும். அங்கே தங்கும் அனுமதி 'ஸ்டாம்ப்' என்ற எண்களில் வகை பிரிக்கப்பட்டிருக்கும். படிப்புக்காக இருந்த ஸ்டாம்ப் 2 காலம் இந்தக் கணக்கில் சேராது. வேலை பெர்மிட்டில் இருந்த ஸ்டாம்ப் 1, பிறகு வரும் ஸ்டாம்ப் 4 இரண்டும் சேரும். உங்கள் மகள் இத்தனை ஆண்டும் நர்சாகவே இருந்திருந்தால், அங்கே பிறக்கும் குழந்தை பிறந்த அன்றே ஐரிஷ் குடிமகன். நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வசித்ததைக் காட்ட வேண்டியிருக்கும், எனவே பழைய பாஸ்போர்ட், குடியேற்றப் பதிவு அட்டை, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்.

கோபியில் பிறந்தால் கணக்கு வேறு. மகளின் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள தேதி குழந்தை பிறந்த தேதிக்கு முந்தியதாக இருந்தால்தான் அயர்லாந்து அரசின் 'வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில்' (வெளிநாட்டில் பிறந்து ஐரிஷ் குடியுரிமை பெறுபவர்களைப் பதியும் ஏட்டில்) குழந்தையைச் சேர்க்க முடியும். மனுக் கொடுத்த தேதியை யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழ் ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை இல்லை. அதன்பிறகு குழந்தை இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா வாங்கிப் போய், அங்கே வசித்து, தருவதும் மறுப்பதும் அந்த நாட்டு அமைச்சரின் விருப்பம் என்றுள்ள தனி விண்ணப்பம் போட வேண்டும்.

சான்றிதழ் முந்திவிட்டு, கோபியிலேயே பிரசவம் என்று முடிவானால், ஆஸ்பத்திரியில் பிறப்புப் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். 'கே. பழனிசாமி' என்று இனிஷியலோடு எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் 'பழனிசாமி குப்புசாமி' என்றிருக்கும். பதிவேட்டுக்காரர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து விளக்கம் கேட்பார்கள். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். தாய், தந்தை பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே முதல் நாளே ஏறட்டும்.

கேள்வி: என் தாத்தா அயர்லாந்தில் கார்க் நகரில் பிறந்து, ரயில்வே வேலைக்காகப் போத்தனூர் வந்தவர். அப்பா இங்கேயே பிறந்து காலமானார். ஐரிஷ் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. எனக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் உரிமை உண்டா?
— ஒரு வாசகர், போத்தனூர்

பதில்: உங்களுக்கு உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. தாத்தா அங்கே பிறந்ததால் உங்கள் அப்பா பிறப்பிலேயே ஐரிஷ் குடிமகன். அவர் பாஸ்போர்ட் எடுக்காததோ, இப்போது உயிரோடு இல்லாததோ தடையில்லை. 1922-இல் சுதந்திர நாடு அமைவதற்கு முன்பே தாத்தா கிளம்பியிருந்தாலும் சரிதான். நீங்கள் முந்தைய பதிலில் சொன்ன வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும், ஏறும் நாளிலிருந்துதான் குடிமகன். அதற்கு முன் பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்த உரிமை இறங்காது. கொள்ளுத்தாத்தாவை வைத்துக் கேட்டு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. பெற்றோர் காலாகாலத்தில் பதிந்திருக்க மாட்டார்கள்.

காகிதச் சங்கிலியில் மூன்று தலைமுறையும் வர வேண்டும். தாத்தாவின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள், அப்பாவுக்கும் அதே மூன்று, பிறகு உங்களுடையவை. எல்லாம் அசல், பெற்றோர் பெயர் உள்ள முழுச் சான்றுகள். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864-இல். பழைய பதிவுகளை 'ஐரிஷ் ஜீனியாலஜி' இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். கார்க்கில் ஒரே பெயரில் பலர் கிடைப்பார்கள். தாத்தாவின் திருமணப் பதிவில் அவருடைய அப்பா பெயர் இருக்கும், அதை வைத்துத்தான் சரியான ஆளைப் பிடிக்க வேண்டும். உள்ளூர் சர்ச்சில் ஏடு செல்லரித்திருந்தால் கவலை வேண்டாம். சென்னை மாகாண சர்ச் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன.

அப்பாவின் பிறப்பு பதிவாகாமல் இருந்தால் மாநகராட்சியில் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்கி, ஞானஸ்நானச் சான்றை அதனுடன் வையுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

படிவத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்து, சாட்சியின் முன்னால் கையெழுத்திடுங்கள். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் செல்லாது. சாட்சி உங்களை நேரில் அறிந்த, உறவினரல்லாத டாக்டர், வக்கீல், பாதிரியார் போன்றவராக இருக்கட்டும். நான்கு புகைப்படங்களில் இரண்டில் அவரும் கையெழுத்திட வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 278 யூரோ, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 153.

அனுப்பும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒன்றை யோசியுங்கள். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. விரும்பி இன்னொரு நாட்டுக் குடிமகனானால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) வாங்க வேண்டும். ஓட்டுரிமை இருக்காது.

கேள்வி: அண்ணன் ஐரிஷ் குடிமகனாகிவிட்டார். அவர் மூலம் நானும் வாங்க முடியுமா? காங்கேயம் தோட்டத்தில் அண்ணன் பங்கை அப்பா அவருக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரலாமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அண்ணன் தம்பி உறவை வைத்து இங்கிருந்தபடியே வாங்க வழியில்லை. பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

தோட்டத்தைத் தானமாக எழுத வேண்டாம். வெளிநாட்டில் குடியிருக்கும் ஓ.சி.ஐ.காரர் விவசாய நிலத்தை விலைக்கோ தானமாகவோ பெற அந்நியச் செலாவணி விதி இடம் தராது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வசிப்பவருக்கும் இதே விதிதான். வாரிசாக வருவதற்குத் தடையில்லை. எனவே அப்பா உயில் எழுதட்டும். அண்ணன் பின்னால் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் விற்கலாம்.