குண்டு மினுங்கணும்னா அதைச் சுத்தி ஒரு அறை வேணும்

கேள்வி: அண்ணே, மேசை மேல வைக்கிற நியூட்டன் தொட்டில் இருக்குல்ல, அஞ்சு இரும்புக் குண்டு வரிசையா தொங்கும், ஒன்ன இழுத்து விட்டா மத்தப் பக்கம் ஒன்னு எகிறும், அத ப்ளெண்டர்ங்கிற 3டி மென்பொருள்ல செஞ்சேன். மெட்டாலிக் (உலோகத் தன்மை) 1 வச்சாச்சு, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0 வச்சாச்சு, அப்படியும் சாம்பல் கலர் பிளாஸ்டிக் மாதிரிதான் வருது. போட்டோ மாதிரி வர என்ன செய்யணும்?
– ஹட்டனிலிருந்து ஏ.எல். படிக்கும் வாசகர்

பதில்: தம்பி, உங்க குண்டுல பிழை இல்ல, அதைச் சுத்தி ஒன்னுமே இல்லாததுதான் பிழை. பளபளப்பான இரும்பு எதிர்ல இருக்குறதத்தான் காட்டும், நீங்க புது பைல் தொறந்து குண்ட மட்டும் போட்டா ப்ளெண்டர் தானா குடுக்குற கரும் சாம்பல் உலகம்தான் அதுல தெரியும், வேற என்ன தெரியும்?

பெக்டரி பிட்டர்கிட்டயோ பக்கத்து கராஜ்லயோ பழைய பேரிங் குண்டு ஒன்னு கேட்டு வாங்கி, ஜன்னல் ஓரமா மேசையில வச்சு கிட்டப் பாருங்க. ஜன்னல் வளைஞ்சு சின்ன வெள்ளைத் துண்டா நிக்கும், அதோட கம்பி கூட கோடு கோடா தெரியும், கீழ்ப் பக்கம் பூரா மேசை நிறம், நடுவுல உங்க தலை ஒரு கறுப்புப் பொட்டு. அந்த வெள்ளையும் கறுப்பும் வெட்டுன மாதிரி பக்கத்துல பக்கத்துல இருக்குறதாலதான் கண்ணு அத இரும்புன்னு நம்புது. மிஸ்ட் இறங்கின நேரம் அதே குண்ட வெளிய கொண்டு போனா மேல் பாதி ஒரே வெள்ளையாகி சப்புன்னு போயிரும், வெளிச்சம் நெறைய இருந்தும்.

அதனால மொதல்ல அறைய செய்ங்க. பொலி ஹேவன் தளத்துல எச்.டி.ஆர்.ஐ. படங்கள், அதாவது ஒரு இடத்த வெளிச்சத்தோட சேர்த்து சுத்திவர எடுத்த படங்கள், இலவசம், வீட்டுக்குள்ள எடுத்த ஒன்ன 2கே அளவுல எறக்கி வேர்ல்ட்ல, அதாவது அந்தச் சாம்பல் உலகம் இருந்த இடத்துல, போடுங்க, டேட்டாவும் பெருசா போகாது. பிறகு ஜன்னல் மாதிரி பெரிய ஏரியா லைட் (தட்டையான பலகை விளக்கு) ஒன்ன பக்கவாட்டுல வைங்க, காமராவுக்குப் பின்னால ஒரு கறுப்புப் பலகையும் நிக்கட்டும். ஸ்டூடியோக்காரங்க கரண்டி, கத்தி படம் எடுக்குறப்போ கறுப்பு அட்டை வைக்கிறது இதுக்காகத்தான், ஓரம் எடுப்பா தெரியும்.

அடுத்தது அளவு, இத நிறையப் பேர் கவனிக்கிறதே இல்ல. ப்ளெண்டர்ல புதுசா போடுற யூவி ஸ்பியர் 2 மீற்றர் அகலம், அவ்வளவு பெரிய குண்ட தூரத்துல இருந்து படம் எடுத்தா பின்னணி மங்கவே மங்காது, பார்க்குறவங்களுக்கும் அது மேசைச் சாமானா தோணாது. 2 சென்ரிமீற்றருக்கு சுருக்கி ஸ்கேல அப்ளை பண்ணுங்க, அதாவது அந்த அளவையே நிலையாக்குங்க, பிறகு காமராவ கிட்ட கொண்டு வந்து டெப்த் ஒஃப் ஃபீல்ட (ஃபோகஸுக்கு வெளிய இருக்குறத மங்க வைக்கிறது) ஒன் பண்ணி முன் குண்டுல ஃபோகஸ் வைங்க.

ரஃப்னஸ் 0 வேணாம். கைபடுற சாமான் அவ்வளவு சுத்தமா இருக்காது, நொய்ஸ் டெக்ஸ்சர் (திட்டுத் திட்டான வடிவம்) ஒன்ன கலர் ரேம்ப் (அதோட அளவ கட்டுப்படுத்துற நோட்) வழியா ரஃப்னஸுக்கு குடுத்து 0.05க்கும் 0.15க்கும் நடுவுல மாற விடுங்க, பேஸ் கலரையும் 0.6 பக்கம் இறக்குங்க. குண்டுகள் ஒன்னையொன்னு தொடுற இடத்துல ஒன்னுக்குள்ள ஒன்னு திரும்பத் திரும்பத் தெரியணும், ப்ளெண்டர் படம் உருவாக்குற முறைகள்ல ஒன்னான சைக்கிள்ஸ்ல குளொஸி பவுன்ஸ் (பளபளப்புல வெளிச்சம் திரும்பத் தெறிக்கிற தடவை) தானா 4லதான் நிக்கும், அந்த இடம் கறுத்துப் போனா 8க்கு ஏத்திப் பாருங்க.

நூல் விஷயம் ஒன்னு. ஒவ்வொரு குண்டுக்கும் ரெண்டு நூல், 'வி' வடிவத்துல, அப்பதான் குண்டு பக்கவாட்டுல ஆடாம நேர் கோட்டுல ஆடும். தூக்கி நிக்கிற குண்ட அப்படியே இழுத்து வைக்காதீங்க, நூல் நீண்டுரும். 3டி கர்சர (ப்ளெண்டர்ல ஒரு இடத்தக் குறிக்கிற புள்ளி) அந்தக் குண்டோட ரெண்டு நூலும் மேல் கம்பிகள்ல கட்டின இடத்துக்கு நடுவுல வச்சு அதையே மையமா வச்சு குண்டையும் நூலையும் சேர்த்து சுத்துங்க. இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் கண்ணுக்கு இது மொதல்ல படும்.

கேள்வி: லெப்டொப்ல கிராஃபிக்ஸ் கார்ட் இல்ல, சைக்கிள்ஸ் ஓடுமா, இல்லாட்டி ப்ளெண்டரோட மத்த முறையான ஈவீயே போதுமா?
– பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி

பதில்: ஓடும் தங்கச்சி, சீபீயூலயே (லெப்டொப்போட சாதாரண ப்ரொசெசர்) ஓடும், நேரம்தான் எடுக்கும். ஈவீ வேகம்தான், ஆனா காமராவுக்குள்ள வராத பொருள் ரிஃப்ளெக்‌ஷன்ல ஒழுங்கா வராது, மேல சொன்ன கறுப்புப் பலகை வேலை அதுல தானா நடக்காது. சைக்கிள்ஸ்ல சேம்பிள் (ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தக் கணக்குப் பண்ற தடவை) 4096ன்னு இருக்கும், அத 300க்கு இறக்கி டீநொய்ஸ (புள்ளி புள்ளியா வர்றத நீக்குறது) ஒன் பண்ணுங்க. லைட் எங்க வைக்கிறதுன்னு பார்க்குற வரைக்கும் ரெசொலூஷன 50 சதவீதத்துல வச்சுக்கிட்டு, கடைசிப் படத்த மட்டும் ராத்திரி ரெண்டர்ல போட்டுட்டு படுங்க, சார்ஜர் குத்தியே இருக்கட்டும்.