பதில்: 2147483647 பகா எண்தானே, என் ஜாவா நிரல் ஏன் "இல்லை" என்கிறது?

எண் பகா எண்தான், சந்தேகமே வேண்டாம். அது 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்தது. 1772-லேயே கணிதவியலாளர் ஆய்லர் நிரூபித்துவிட்டார்.

கோளாறு, வகுத்திகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் உங்கள் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நிபந்தனையில் இருக்கிறது. "வகுத்தி × வகுத்தி ≤ எண்" என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் இன்ட் (int, ஜாவாவின் வழக்கமான முழு எண் வகை). ஜாவாவில் இன்ட் தாங்கக்கூடிய உச்ச மதிப்பே 2147483647தான்! வகுத்தி 46340 வரை சரி. 46341-ஐ வர்க்கம் செய்தால் 2147488281 வர வேண்டும். அது இன்ட்டில் அடங்காமல் சுற்றிக்கொண்டு −2147479015 ஆகிவிடுகிறது. எந்த இன்ட்டும் உச்ச மதிப்பைத் தாண்டாது என்பதால் நிபந்தனை எப்போதும் உண்மை. லூப் ஓடி ஓடிக் கடைசியில் அந்த எண்ணையே அந்த எண்ணால் வகுக்கிறது. மீதி பூஜ்யம், "பகா எண் இல்லை". விடை வரச் சில வினாடிகள் ஆகிறது என்றீர்களே, அதற்கும் இதுதான் காரணம்.

"வகுத்தி ≤ எண் / வகுத்தி" என்று மாற்றுங்கள். அல்லது வகுத்தியை லாங் (long, இன்னும் பெரிய முழு எண்களைத் தாங்கும் வகை) ஆக்குங்கள்.

அப்புறம், கையால் இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அந்தக் காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46340-க்குள், 1-ஐ விட்டுவிட்டால் அப்படிப்பட்டவை 373 எண்கள்தான்; அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். பொறுமைசாலிதான் ஆய்லர்! எண்பது ஆண்டுகளுக்கு மேல் இதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் நிரூபிக்கவில்லை.