எறும்புகளின் பரிணாமம்: கேள்வி பதில்

எறும்புப் பரிணாமத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கேளுங்கள். எந்த மருந்து அடித்தால் எறும்பு போகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கயல்: எறும்பு எதிலிருந்து வந்தது?
குளவியிலிருந்து. 1966இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்த அம்பருக்குள் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) ஸ்பீகோமிர்மா என்ற எறும்பு இருந்தது, வயது சுமார் 9 கோடி ஆண்டு. தாடை குளவியைப் போலக் குட்டை, இரண்டே பல். ஆனால் இடுப்பில் எறும்புக்குரிய கணு. அதைவிடப் பழையவை அப்புறம் மியான்மர் அம்பரிலும், 11.3 கோடி ஆண்டுப் பழமையான பிரேசில் பாறையிலும் கிடைத்துவிட்டன.

முருகேசன்: எறும்புக்கு இறகு முளைத்தால் ஈசல்தானே?
இல்லை. ஈசல் என்பது கறையான், கறையான் கரப்பான் வகையறா. ஈசலுக்கு நாலு இறகும் ஒரே அளவு, இடுப்பே இருக்காது. இறகு முளைத்த எறும்புக்கு முன்னிறகு பெரிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

பாலா: இது என்ன எறும்பு? (படம்)
இடுப்பு தெரியாத படத்துக்குப் பெயர் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் எடுங்கள், கணு ஒன்றா இரண்டா என்று தெரிய வேண்டும்.

யாழினி: இலங்கையில் மட்டும் வாழும் பழைய எறும்பு ஒன்று உண்டாமே?
அனியூரீடஸ் சைமோனி! இதைக் கேட்கத்தான் ஆளில்லையே என்று இருந்தேன். ஒரு துணைக்குடும்பம் முழுவதிலும் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரே இனம்தான். இதன் உறவினர்கள் ஐரோப்பாவின் பால்டிக் அம்பரில் கிடக்கிறார்கள், அதாவது ஒரு காலத்தில் உலகின் பல பக்கங்களில் இருந்த கூட்டம் இப்போது ஒரு தீவில் ஒடுங்கிவிட்டது. இரத்தினபுரிப் பக்கம் கிலிமலைக் காட்டில், தரையில் மட்கிக் கிடக்கும் குச்சியை உடைத்தால் உள்ளே சின்னஞ்சிறு மஞ்சள் எறும்புகள், நீண்டு மெலிந்த இடுப்போடு. நெருங்கிய சொந்தமான டோலிகோடெரின் எறும்புகள் கொடுக்கை இழந்துவிட்டன, இது இன்னும் வைத்திருக்கிறது. அழியும் தறுவாயில் உள்ள இனம், குச்சியை உடைத்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.

செல்வம்: சகோதரிகளுக்குள் முக்கால் பங்கு மரபணு ஒன்று என்பதால்தானே வேலைக்கார எறும்புகள் தாமே முட்டையிடாமல் தங்கைகளை வளர்க்கின்றன?
பாதி சரி. ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அக்கா தங்கைக்கு முக்கால் வரும். ஆனால் தம்பியோடு கால்தான், இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அரை. கறையானில் இந்த வித்தியாசமே கிடையாது, அதுவும் கூட்டமாகத்தான் வாழ்கிறது.

செல்வம்: அப்படியென்றால் உறவுக் கணக்கே வேண்டாம் என்று எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 2010இல் எழுதியது சரி!
அவசரப்படாதீர்கள். அந்தக் கட்டுரைக்கு மறு ஆண்டே 137 பேர் கையெழுத்திட்டு மறுப்பு எழுதினார்கள், நான் அவர்கள் பக்கம். முக்கால் தேவையில்லை என்பது வேறு, உறவே தேவையில்லை என்பது வேறு. ராணி ஒரே ஆணோடு இணைந்திருந்தால், உடன்பிறப்பை வளர்த்தாலும் சொந்தப் பிள்ளையை வளர்த்தாலும் கணக்கு அரைதான். அப்போது உடன்பிறப்பை வளர்ப்பதில் கொஞ்சம் கூடுதல் லாபம் இருந்தாலே போதும்.

செல்வம்: பல ராணிகள் இருக்கும் கூடு?
அது பிற்பாடு வந்த ஏற்பாடு. வேலைக்காரர்கள் அதற்குள் உடலே மாறிவிட்டார்கள், தனியாகப் போய்க் குடும்பம் நடத்தும் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப வழியில்லை. இதற்கு மேல் தனியாகப் பேசுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தேவி: முசுறு கொட்டுமா?
கொட்டாது, கொடுக்கே இல்லை. கடித்துவிட்டு அந்தப் புண்ணில் அமிலத்தைப் பீய்ச்சும், எரிச்சல் அதனால்தான்.

பாலா: வேறு படம் போட்டிருக்கிறேன்.
மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பக்கவாட்டில்!

குமார்: மழைக்காலத்தில் இந்த எறும்பு ஏன் ஈசலாக மாறுகிறது?
முருகேசனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராணி: ஈசலை வறுப்பது எப்படி?
கறையான் ஆராய்கிறவர்கள் யாராவது இருந்தால் வாங்கப்பா.