தபால்தலையும் அஞ்சல் முத்திரையும் துப்புத் துலக்கும் கதைகளில் எவற்றைப் படிக்கலாம்?

தபால்தலை சேகரிப்பையும் அஞ்சல் துறையையும் களமாகக் கொண்ட துப்பறியும் கதைகளில் படிக்கத் தகுந்தவை எவை, சேகரிப்புப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் அவை சுவைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகத் தபால்தலைகளும் பழைய உறைகளும் சேகரித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் நான் சொல்லும் பெயர் ஆண்டனி டிரோலப் எழுதி 1879-ல் நூலாக வந்த ‘ஜான் கால்டிகேட்’. துப்பறியும் நாவல் என்ற வரிசையில் யாரும் அதை வைப்பதில்லை. அதனாலேயே இந்த வகைக் கதைகளைத் தேடுபவர்களின் கண்ணில் அது படாமல் போகிறது. கீழே சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்க்காமல் என்னால் பேச முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாவலை நான் தேடிப் படித்ததற்கு ஓர் உறைதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக் கடையில், சென்னையிலிருந்து பினாங்குக்குப் பதிவுத் தபாலில் சென்ற பழைய உறை ஒன்றை வாங்கினேன். அதன் முன்பக்கத்தில் 12 அணா காந்தி தபால்தலை ஒட்டியிருந்தது. சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு நாளான 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியிடப்பட்டு, சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சான நான்கு காந்தி தபால்தலைகளில் அது ஒன்று. தபால்தலை தனியாகக் கிடைப்பது கடினமன்று, ஆனால் உரிய முத்திரையுடன் உறையில் நிற்பது அரிது என்பதால் விலையும் கூடுதலாகவே இருந்தது. அன்றிரவு மேசை விளக்கின் அடியில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, முத்திரையின் வட்டக்கோடு தபால்தலையின் மேல் சற்றுத் தடித்தும் உறையின் தாளில் மெலிந்தும் இருந்தது. தபால்தலையின் பல்விளிம்பைத் தாண்டி உறைக்கு இறங்க வேண்டிய இடத்தில், மயிரிழை அளவுக்குக் கோடு விட்டுப்போயிருந்தது. உறையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பினாங்கு அஞ்சலகம் குத்திய வருகை முத்திரையில் 1948 ஜூலை 9 என்று தெளிவாக இருந்தது. தபால்தலை வெளிவருவதற்கு 37 நாட்களுக்கு முன்பே அது பினாங்கு போய்ச் சேர்ந்துவிட்டதாக அந்த உறை சொல்லிற்று. யாரோ பழைய தபால்தலைகளை உரித்துவிட்டு, காந்தியை ஒட்டி, விட்டுப்போன வட்டத்தைப் பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் அத்தனை பாடுபட்டவர் பின்பக்கத்தை மறந்துவிட்டார். இதை எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தில் மூத்தவர் ஒருவரிடம் காட்டியபோது, “இதே வழக்கை டிரோலப் எழுதியிருக்கிறார், படியுங்கள்” என்றார்.

டிரோலப் வெளியிலிருந்து அஞ்சல் துறையை எட்டிப் பார்த்த எழுத்தாளர் அல்லர். 1834-ல் லண்டன் அஞ்சல் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்து 1867 வரை அத்துறையிலேயே பணியாற்றினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாய்த் தீவுகளில் சாலையோர அஞ்சல் பெட்டிகளை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்து, 1852-ல் ஜெர்சித் தீவில் அவை வைக்கப்படக் காரணமாக இருந்தவரும் அவரே. அவருடைய நாவலில், ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்குச் சென்று பணம் சேர்த்துத் திரும்பிய கால்டிகேட் இங்கிலாந்தில் திருமணம் செய்துகொண்டு வாழ்கிறான். ஆஸ்திரேலியாவில் அவனோடு வாழ்ந்த ஒரு பெண், அங்கேயே அவன் தன்னை மணந்துவிட்டான் என்று வழக்குத் தொடுக்கக் காரணமாகிறாள். ‘திருமதி கால்டிகேட்’ என்று அவன் கையாலேயே முகவரி எழுதப்பட்டு, சிட்னி அஞ்சல் முத்திரை விழுந்த ஓர் உறை முக்கியச் சான்றாகிறது. எழுதியது தான்தான் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அதை அஞ்சலில் சேர்த்ததே இல்லை என்கிறான். இந்த நிலையில் அவனைக் காப்பாற்ற வருபவர் லண்டன் அஞ்சலக எழுத்தர் பாக்வாக்ஸ்.

அந்த முத்திரை அளவுக்கு மீறித் தெளிவாக விழுந்திருக்கிறது என்பதே பாக்வாக்ஸுக்கு எழும் முதல் ஐயம். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்து குவியும் இடத்தில் சீல் குத்துபவர் அவசரத்தில் குத்துவார். முத்திரை சாயும், பாதி விழும், மை தீற்றும். இந்த உறையிலோ, ஒருவர் நிதானமாகக் குறிபார்த்து வைத்தது போல ஒரே ஒரு சுத்தமான முத்திரை. அஞ்சலகத்தில் சீல் குத்தும் ஓசையைத் தினமும் கேட்டவருக்கு மட்டுமே இப்படி ஒரு துப்பு தோன்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கால்டிகேட்டுக்கு இரண்டாண்டு சிறை விதிக்கப்படுகிறது. பாக்வாக்ஸ் விடுவதாக இல்லை. சிட்னி முத்திரைகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்து, நேரிலேயே போய் ஆராய வேண்டும் என்று வாதாடுகிறார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை கடல் கடந்து போகும் வாய்ப்பும் அவருக்குக் கைகூடி வருகிறது. அந்த நேரத்தில்தான், உறையில் ஒட்டியுள்ள தபால்தலையே முத்திரையில் உள்ள தேதிக்குப் பிறகு தயாரிக்கப்பட்டது என்பதை அவர் கண்டுபிடிக்கிறார். சிட்னிக்குப் போகாமலேயே மோசடி உறுதியாகிவிடுகிறது. தன் கண்டுபிடிப்பு தன் பயணத்தைப் பறித்துவிடும் என்று தெரிந்தும் அவர் வழக்கறிஞரிடம் போய் அதைச் சொல்லிவிடுகிறார். என் பினாங்கு உறையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மனநெகிழ்ச்சியை வேறு எந்தத் துப்பறியும் கதையும் தந்ததில்லை. நாவலின் முற்பாதி மெதுவாகவே நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்ததாக, எட்கர் ஆலன் போ 1844-ல் எழுதிய ‘பர்லாயின்ட் லெட்டர்’ சிறுகதையை அஞ்சல் வரலாறு தெரிந்த கண்ணோடு மீண்டும் ஒருமுறை படிக்கும்படி கேட்டுக்கொள்வேன். திருடிய கடிதத்தை அமைச்சர் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார். காவல் துறை வீட்டையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். அவர் செய்தது என்ன என்பதில்தான் நுட்பம் இருக்கிறது: கடிதத் தாளை உட்புறம் வெளியே வரும்படி மடித்து, புதிய முகவரி எழுதி, வேறு அரக்கு முத்திரை வைத்துவிட்டார். தனி உறை பரவலாகாத காலத்தில், நம் இன்லேண்ட் லெட்டரைப் போல, எழுதிய தாளையே மடித்து ஒட்டி மேலே முகவரி எழுதுவார்கள். பிரிட்டனில் 1840-க்கு முன்பு தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வாங்கப்பட்டதால் உறையும் ஒரு தாளாகக் கணக்கில் ஏறியது. ஆகவே உறை வீண்செலவாகக் கருதப்பட்டது. உறையே வழக்கமாகிவிட்ட காலத்தில் இந்தத் தந்திரம் சாத்தியமில்லை.

ஜி. கே. செஸ்டர்டனின் ‘இன்விசிபிள் மேன்’ (துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுனின் கதைகளாக 1911-ல் வந்த தொகுப்பில் உள்ளது) அஞ்சல் துறையின் இன்னொரு பக்கத்தைத் தொடுகிறது. உள்ளே ஒரு கொலை நடந்துவிடுகிறது, ஆனால் வாசலில் காவல் இருந்த நான்கு பேரும் யாரும் உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். தபால்காரர் போனதை அவர்கள் ‘ஒருவர் போனதாக’ எண்ணவே இல்லை. கதை அருமையானது. ஆனால் மணியார்டருக்காகவும் கடிதத்துக்காகவும் தெரு முனையிலேயே காத்து நின்று, வந்த கடிதத்தைத் தபால்காரரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்ன எங்கள் கிராமத்தில் வளர்ந்த எனக்கு, தபால்காரர் கண்ணுக்குப் படாமல் போவார் என்பதை ஏற்கச் சிறிது நேரம் பிடித்தது. பெருநகரத்தின் பழக்கம் அது.

தபால்தலையைப் புதையலாக வைத்த கதைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தபால்தலைக் கதை என்று பரிந்துரைத்த உடனேயே பாதி முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் சிறுகதை ‘ஸ்ட்ரேஞ்ச் ஜெஸ்ட்’ அப்படிப்பட்டது. பணக்கார மாமா சொத்தை எங்கோ ஒளித்துவிட்டு இறந்துபோக, வாரிசுகள் வீட்டையும் தோட்டத்தையும் கிளறுகிறார்கள். ஒரு கட்டுக் காதல் கடிதங்களை வரிவரியாகப் படித்து அர்த்தம் தேடுகிறவர்களுக்கும், அக்கடிதங்கள் வந்த உறைகளைப் பார்ப்பவருக்கும் இடையிலான வேறுபாடே கதை. ஸ்டான்லி டோனன் இயக்கிய 1963-ஆம் ஆண்டுத் திரைப்படம் ‘ஷராட்’ இதே கருவைப் பாரிஸ் தபால்தலைச் சந்தைக்குக் கொண்டு போகிறது. அதில், விலைமதிப்பற்ற மூன்று தபால்தலைகளைச் சிறுவன் ஒருவனிடமிருந்து பெற்ற வயதான வியாபாரி, உரியவள் தேடி வந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சில நிமிடங்கள் அவை தன்னிடம் இருந்ததே போதும் என்ற பொருளில் பேசுவார். சேகரிப்பாளரின் மனத்தை அவ்வளவு சரியாகச் சொன்ன காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எல்லரி குவீனின் ‘ஒன்-பென்னி பிளாக்’ சிறுகதையைப் பலர் முதலிடத்தில் வைப்பார்கள். நான் வைக்க மாட்டேன். 1840-ல் வெளியான உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையான பென்னி பிளாக் சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சிடப்பட்டது, இன்றும் ஓரளவு வசதியுள்ளவர் வாங்கக் கூடியது. ஆகவே அதை ஒப்பற்றதாக்க ஆசிரியர் விக்டோரியா அரசியின் கையெழுத்தை அதில் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே தபால்தலைக்குப் பதிலாக ஒரு வைரத்தை வைத்தாலும் கதை பெரிதாக மாறாது. ஒவ்வொரு பென்னி பிளாக்கின் கீழ் மூலைகளிலும், 240 தபால்தலைகள் கொண்ட தாளில் அது நின்ற இடத்தைச் சொல்லும் இரண்டு எழுத்துகள் உண்டு. கள்ள அச்சைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அதை வைத்து எத்தனை அழகான கதை எழுதியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஏக்கம் வரும்.

தபால்தலை தாளில் நின்ற இடமே திருட்டுப் பொருளை அடையாளம் காட்டிய உண்மை நிகழ்வும் இருக்கிறது. 1918-ல் அமெரிக்கா வெளியிட்ட 24 சென்ட் விமான அஞ்சல் தபால்தலையில், விமானம் தலைகீழாக அச்சான ஒரே ஒரு தாள், அதாவது 100 தபால்தலைகள், வெளியே வந்துவிட்டன. தாளைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதன் இட எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்தார்கள். அதில் எதெல் மக்காய் என்ற சேகரிப்பாளருக்குச் சொந்தமான நான்கு தபால்தலைத் தொகுதி ஒன்று 1955-ல் விர்ஜினியாவின் நார்ஃபோக் நகரில் நடந்த கண்காட்சியிலிருந்து திருடு போயிற்று. திருடியவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. நான்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு தபால்தலைகள் 1970-களின் இறுதியிலும் 80-களின் தொடக்கத்திலும் அகப்பட்டன. மூன்றாவது 2016-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, அச்சின் நுண்ணிய அடையாளங்களை வைத்து அது 76-ஆம் இடத்துத் தபால்தலை என்று நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். மக்காய் 1979-ல் தன் உரிமையை அமெரிக்கத் தபால்தலை ஆய்வு நூலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் அது அங்கே போய்ச் சேர்ந்தது. 66-ஆம் இடத்துத் தபால்தலை இன்னும் கிடைக்கவில்லை.

சேகரிப்புப் பழக்கம் இல்லாதவர் என்றால் போவின் சிறுகதையில் தொடங்கி, கிறிஸ்டியைப் படித்துவிட்டு, டிரோலப்புக்கு வாருங்கள். வரும்போது வீட்டில் பழைய உறை ஏதேனும் இருந்தால் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலுள்ள முத்திரையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.