“பெங்களூரிலிருந்து கர்நாடகக் கடற்கரை அருகிலுள்ள நேத்ராணித் தீவுக்கு டைவிங் போகிறேன். 10 லிட்டர் காற்று டேங்க் போதுமா, 12 வேண்டுமா?” என்று கேட்கிறீர்கள்.

இங்கே நீச்சல் குளப் பயிற்சியில் 10 லிட்டர் டேங்க் ஒரு மணி நேரம் வந்ததே என்கிறீர்கள். சரி, ஆனால் அந்தக் கணக்கு கடலில் செல்லாது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. காற்றும் அதே கணக்கில் காலியாகும். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டரில் 60 லிட்டர் இழுப்பார். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய மேலே உள்ள காற்றின் அழுத்தம்) நிரப்பிய 10 லிட்டர் டேங்கில் சுமார் 2,000 லிட்டர் காற்று இருக்கும். கடைசி 50 பார் அவசரத்துக்கு. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மிச்சம் 1,500, அதாவது இறங்கி ஏறுவதையும் சேர்த்து 25 நிமிடம். 12 லிட்டர் என்றால் 30. அவ்வளவுதான் வித்தியாசம்!

சின்ன உடம்பு, நிதானமான மூச்சு என்றால் 10 போதும். என் முதல் கடல் டைவில் பதற்றத்தில் மூச்சு வாங்கியது, மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டரின் முள் கண்ணெதிரே சரிந்தது. அதனால் என் ஓட்டு 12-க்கு.

அப்புறம், கையில் தருவது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய டேங்காக இருக்கும். அது காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும். கடைசியில், மேலே வருமுன் பாதுகாப்புக்காகச் சற்று நிற்கும் 5 மீட்டர் ஆழத்தில் நிற்கவிடாமல் மேலே தூக்கும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையை அதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஸ்டீலில் இந்தத் தொல்லை குறைவு.