கொதிநிலையிலும் குலையாத புரதங்கள்

கேள்வி: மாங்கூழ் ஆலையொன்றில் பணிபுரிகிறேன். நுண்ணுயிர்களை அழிக்கக் கூழை 90 டிகிரி அளவுக்குச் சூடாக்குகிறோம். ஆனால் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள் சில 100 டிகிரியிலும் வாழ்வதாக என் மகள் கூறுகிறாள். அவற்றின் புரதங்கள் எப்படிச் சிதையாமல் இருக்கின்றன? அவை கூழைக் கெடுக்குமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: புரதம் என்பது அமினோ அமிலங்களாலான நீண்ட சங்கிலி, அது உரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். வெப்பம் ஏறும்போது அந்த மடிப்பு தளர்ந்து, நீரை ஒதுக்கும் உட்பகுதிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. உங்கள் கொதிகலனில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் இறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆர்க்கியாக்கள் பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட ஒற்றைச்செல் உயிர்கள். அவற்றில் வெப்பவிரும்பி வகைகளின் புரதங்கள் இயல்பிலேயே இறுக்கமானவை. ஆயினும் புதிதாக உருவாகி இன்னும் மடியாத சங்கிலிகளுக்குக் காவல் தேவை. அந்தக் காவலைச் செய்பவையே சாப்பரோன் புரதங்கள். அவற்றுள் தலையாயது தெர்மோசோம். எட்டு அல்லது ஒன்பது அலகுகள் கொண்ட இரண்டு வளையங்கள் முதுகோடு முதுகு சேர்ந்த அமைப்பு அது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஓர் அறை உண்டு. மடியாத சங்கிலி அந்த அறைக்குள் நுழைந்ததும், ஏடிபி மூலக்கூறு தரும் ஆற்றலால் வாய் மூடிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ள வேறு சங்கிலி இல்லாத அந்தத் தனிமையில் அது ஒழுங்காக மடிய வாய்ப்புக் கிடைக்கிறது. பாக்டீரியாக்களின் இதுபோன்ற கருவிக்குத் தனி மூடிப் புரதம் வேண்டும். தெர்மோசோமிலோ ஒவ்வோர் அலகின் நீட்சியும் சேர்ந்தே மூடியாகிறது. இத்தாலியின் வல்கானோ தீவுக் கடற்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட பைரோடிக்டியம் அக்கல்டம் என்ற ஆர்க்கியா 108 டிகிரியில் வளரும்போது, அதன் கரையும் புரதத்தில் பெரும்பங்கு தெர்மோசோமாகவே இருக்கிறது. தன் உழைப்பில் இவ்வளவை ஓர் உயிர் காவலுக்கே ஒதுக்குவது எனக்குப் பெரும் வியப்பு.

ஆறு கரங்களுடைய பிரீஃபோல்டின் என்ற புரதம் சங்கிலிகளைப் பிடித்துத் தெர்மோசோமிடம் சேர்க்கிறது. ஏடிபி தேவைப்படாத சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், சிதையத் தொடங்கியவற்றைத் திரளவிடாமல் பற்றிக்கொள்கின்றன. தெர்மோசோமின் உறவுப் புரதமொன்று நம் உடல் செல்களிலும் இருக்கிறது.

உங்கள் கூழைப் பற்றி அஞ்ச வேண்டாம். 100 டிகிரியில் செழிக்கும் பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் போன்றவை ஆக்சிஜனை விரும்பாதவை. அறை வெப்பத்தில் அவை வளர்வதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அலிசைக்ளோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை. அதன் வித்துகள் உங்கள் சூட்டைத் தாங்கி, அமிலத்தன்மையுள்ள பழக்கூழில் பின்னர் முளைக்கக்கூடும். ஆகவே பழங்களை நன்கு கழுவுவதும், சூடாக்கிய கூழை விரைவாகக் குளிர்விப்பதும் அவசியம்.